கொண்டை சூடிய சகுவாரோ

சகுவாரோ கள்ளியின் தண்டு சாதாரணமாக ஒற்றைத் தூணாக மேலே போகும். 50 முதல் 75 வயதுக்குள் பக்கவாட்டில் கிளைகள் புறப்பட்டு, சற்றே வளைந்து, அவையும் நிமிர்ந்து வளரும். மிகச் சில செடிகளில் மட்டும் இந்த ஒழுங்கு குலைகிறது. தண்டின் நுனி மேல்நோக்கி நீள்வதை விட்டுவிட்டு இடமும் வலமுமாக விரிகிறது. ஆண்டுகள் போகப் போக அந்த விரிவு மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, சேவல் கொண்டை வடிவில் ஒரு மீட்டருக்கும் அதிகமான அகலத்துக்குத் திரண்டுவிடும். இதைக் கொண்டை சகுவாரோ எனலாம். அமெரிக்காவின் அரிசோனாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலும் பரவியிருக்கும் சொனோரா பாலைவனத்தில், இத்தகைய செடிகளைத் தேடி நடந்து படமெடுப்பதைப் பல ஆண்டுப் பணியாகக் கொண்ட ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சேர்த்துவைத்திருக்கும் படங்களைத் தாவரவியல் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒன்றரை நூற்றாண்டு வாழும் ஒரு செடியை ஆய்வுக்கூடத்தில் விதைத்து வளர்த்துப் பார்ப்பது நடக்காத காரியம். எனவே கொண்டை எங்கே தோன்றுகிறது, எப்படி வளர்கிறது, எப்போது நின்றுபோகிறது என்பதற்குக் களத்தில் எடுத்த புகைப்படங்களே முதன்மையான சான்று.

சொனோரா பாலைவனத்தின் பரப்பு ஏறத்தாழ 2,60,000 சதுர கிலோமீட்டர். வெறும் மணல்வெளி என்று இதை எண்ணிவிடக் கூடாது. அரிசோனாவின் டூசான் நகரை ஒட்டிய பகுதிகளில் ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அது குளிர்காலத்தில் மெல்லிய தூறலாகவும், ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியுடன் கூடிய பெருமழையாகவும் இரண்டு பருவங்களில் வருகிறது. இந்த இரட்டை மழையால்தான் வேறெந்தப் பாலைவனத்திலும் காண முடியாத அளவுக்கு இங்கே மரங்களும் பெருங்கள்ளிகளும் சேர்ந்து வளர்கின்றன. பச்சைப் பட்டை கொண்ட பாலோ வெர்டே, இரும்பு மரம், தமிழ்நாட்டுச் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவான மெஸ்கீட் ஆகியவை இந்நிலத்தின் முக்கிய மரங்கள். அவற்றுக்கு மேலே தலைநீட்டி நிற்பது சகுவாரோ.

கள்ளிக் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் மரங்களில் தொற்றித் தொங்கும் ரிப்சாலிஸ் என்ற ஓர் இனம் மட்டுமே விதிவிலக்கு. தமிழ்நாட்டு வேலிகளில் நிற்கும் சதுரக்கள்ளியும் கொம்புக்கள்ளியும் பால் வடியும் யூபோர்பியா பேரினத்தைச் சேர்ந்தவை; தாவரவியல் கணக்கில் அவை வேறு குடும்பம். சகுவாரோவுக்கு 1848-ல் அறிவியல் பெயர் சூட்டியவர் ஜார்ஜ் எங்கல்மான். 1908-ல் பிரிட்டன், ரோஸ் என்ற தாவரவியலாளர்கள் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். பாலைவன ஆய்வுக்குப் பொருளுதவி செய்த ஆண்ட்ரூ கார்னகியின் பெயரால் அது கார்னிஜியா ஜைஜான்டியா ஆயிற்று.

முதிர்ந்த சகுவாரோ 12 மீட்டரைத் தாண்டும். எடை சில டன். அதில் பெரும்பகுதி தண்ணீர். தண்டின் நீளவாக்கில் இருபதுக்கும் மேற்பட்ட வரிமேடுகள் ஓடுகின்றன. மழைக்குப் பின் மேடுகளுக்கு இடையிலான பள்ளம் விரிந்து தண்டு பருக்கும். வறட்சியில் அதே பள்ளம் ஆழமாகித் தண்டு இளைக்கும். இந்த விரிவையும் சுருக்கத்தையும் எஃபி ஸ்பால்டிங் என்ற தாவரவியலாளர் 1905-லேயே அளந்து வெளியிட்டார். வேர்கள் பெரும்பாலும் மண்ணின் மேற்பரப்பில், ஒரு சாண் ஆழத்துக்குள், செடியின் உயரம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் நாலா பக்கமும் பரவியிருக்கும். சிறு தூறலையும் உடனே உறிஞ்ச இதுவே வழி.

இச்செடியின் வளர்ச்சி மிக மெதுவானது. முதல் எட்டு ஆண்டுகளில் நாற்று 3 அல்லது 4 சென்டிமீட்டர் உயரமே எட்டுகிறது. அதுவும் பாலோ வெர்டே போன்ற ஒரு மரத்தின் நிழல் கிடைத்தால்தான். வெயிலிலிருந்தும் உறைபனியிலிருந்தும் நாற்றைக் காக்கும் அந்த மரத்தைச் செவிலி மரம் என்கிறார்கள். ஒரு சகுவாரோ தன் வாழ்நாளில் நான்கு கோடி விதைகள் வரை உதிர்க்கும் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. அவற்றில் பெரிய செடியாகி நிற்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. இத்தனை தடை கடந்து நிமிர்ந்த செடியின் நுனியில்தான் கொண்டை எனும் மாற்றம் நிகழ்கிறது.

அந்த மாற்றம் தொடங்கும் இடம் நுனி ஆக்குத்திசு. தண்டின் உச்சியில், முட்களும் மென்மயிரும் மூடிய குழிவில், சிறிய குவிமாட வடிவில் உயிரணுக்களின் கூட்டம் ஒன்று இருக்கிறது. செடியின் தரைமேல் பகுதி முழுவதும் அங்கிருந்தே பிறக்கிறது. குவிமாடத்தின் நடுவிலுள்ள அணுக்கள் மெதுவாகப் பிரிந்து தம் எண்ணிக்கையை ஒரே அளவில் வைத்துக்கொள்கின்றன. அவற்றிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்படும் அணுக்கள் தண்டாகவும் முட்கண்ணாகவும் பூவாகவும் உருமாறுகின்றன. உள்ளே பிறப்பதும் ஓரத்தில் உருமாறிப் போவதும் சமமாக இருக்கும்வரை குவிமாடம் வட்டமாகவே இருக்கும். தண்டும் உருளையாக நீளும்.

இந்தச் சமநிலையைக் காக்கும் பொறியை அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறுசெடியில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் வூஷெல் என்ற மரபணு புதிய அணுக்களின் பெருக்கத்தைத் தூண்டுகிறது. கிளாவேட்டா எனப்படும் மரபணுக்கள் அதற்குக் கடிவாளம் இடுகின்றன. கிளாவேட்டா பழுதானால் ஆக்குத்திசு அளவுக்கு மீறிப் பெருத்து, தண்டு உருளையாக இல்லாமல் பட்டையாகிறது. கொண்டை சகுவாரோவிலும் வடிவ அளவில் நடப்பது இதுவே. வட்டப் புள்ளியாக இருந்த ஆக்குத்திசு ஒரு கோடாக நீண்டுவிடுகிறது. கோட்டின் நெடுகிலும் புது அணுக்கள் பிறந்தபடி இருக்க, விளிம்பின் நீளம் அடிப்பகுதியைவிட விரைவாகக் கூடுகிறது. நேராக விரிய இடம் போதாத விளிம்பு அலையலையாக மடிகிறது. கொண்டையின் நெளிவுகளுக்கெல்லாம் காரணம் இந்த இட நெருக்கடிதான். வரிமேடுகள் நூற்றுக்கணக்கில் நெருங்கி, மெலிந்து, ஒன்றன் பக்கம் ஒன்றாக நிற்கும், முட்களும் குட்டையாகிவிடும்.

தண்டு பட்டையாவது கள்ளிகளுக்கு மட்டும் நேர்வதில்லை. தமிழ்நாட்டுப் பூக்கடைகளில் மாலைக்கும் கதம்பத்துக்கும் விற்கும் கோழிக்கொண்டைப் பூ, இதே மாற்றம் பரம்பரைப் பண்பாக நிலைத்துவிட்ட செடி. அதன் விதையை விதைத்தால் மறுபடியும் கொண்டையே வரும். மெண்டல் தம் பட்டாணி ஆய்வுக்குத் தேர்ந்த ஏழு பண்புகளுள் ஒன்றான பூவின் இருப்பிடமும் இதைச் சார்ந்ததே. பூக்கள் தண்டின் நெடுகிலும் கோணங்களில் பூக்காமல் உச்சியில் கொத்தாகக் குவிந்த அவரது பட்டாணி வகையில், தண்டின் நுனி பட்டையாகியிருந்தது. 1866-ல் வெளியான அந்தக் கட்டுரையிலிருந்தே மரபியல் தன் கணக்கைத் தொடங்கியது என்பதை நினைத்தால், கொண்டையை வெறும் விநோதமாகப் பார்க்க மனம் வராது.

ஆனால் கோழிக்கொண்டைக்கும் பட்டாணிக்கும் சொன்ன விளக்கத்தை அப்படியே சகுவாரோவுக்குப் பொருத்திவிட முடியாது. கொண்டையிலும் பூவும் கனியும் வருவதுண்டு. கொண்டையின் விளிம்பிலிருந்து மீண்டும் சாதாரண உருளைக் கிளைகள் கிளம்புவதும் உண்டு. அப்படிக் கிளம்பிய கிளையின் உச்சியில் இன்னொரு கொண்டை தோன்றிய செடிகளையும் படங்களில் பார்க்கலாம். சில செடிகளில் நடுத்தண்டு ஒழுங்காக இருக்க, ஒரே ஒரு கிளை மட்டும் கொண்டையாகியிருக்கும். விதையிலேயே எழுதப்பட்ட மரபணுப் பிழை காரணமென்றால், செடி முழுவதும் அதன் தடம் தெரிய வேண்டும். ஒரு கிளையின் ஆக்குத்திசுவில் மட்டும் நேர்ந்த திடீர் மாற்றம் என்றால் பொருந்தும். உறைபனி, மின்னல், பூச்சிக்கடி, வேறு காயம் ஆகியவற்றையும் ஆய்வாளர்கள் காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். வேறு சில செடிகளில் ரோடோகாக்கஸ் பேசியன்ஸ் என்ற பாக்டீரியா ஹார்மோன் சமநிலையைக் குலைத்து நுனியைக் கோணலாக்குவது மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. சகுவாரோவில் இவற்றுள் எதுவும் நிறுவப்படவில்லை. ஒரே வடிவத்துக்குப் பல காரணங்கள் இருக்க இடமுண்டு என்பதே இப்போதைக்கு நேர்மையான முடிவு.

எத்தனை செடிக்கு ஒன்று என்ற கணக்கும் மதிப்பீடாகவே நிற்கிறது. 10,000-க்கு ஒன்று என்பது பரவலாகச் சொல்லப்படுவது. 2,00,000-க்கு ஒன்று என்போரும் உண்டு. இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை ஒரே இடத்தை எடுத்துக்கொண்டால் உணரலாம். டூசானின் இரு பக்கமும் பரந்த சகுவாரோ தேசியப் பூங்காவில் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் சகுவாரோக்கள் நிற்கின்றன. முதல் கணக்குப்படி அங்கே 200 கொண்டைகள் இருக்க வேண்டும்; இரண்டாவதன்படி 10 போதும். உண்மையில் 25-க்கும் மேற்பட்டவை அங்கே கண்டறியப்பட்டிருக்கின்றன. பாலைவனம் முழுவதிலும் ஆர்வலர்கள் பதிந்துவைத்திருப்பவை ஆயிரத்தைத் தாண்டும். தேடத் தேட எண்ணிக்கை கூடுகிறதே தவிர, தேடப்படாத மலைச்சரிவுகள் குறைந்தபாடில்லை.

கொண்டை தவிர வேறு கோலங்களும் தேடுவோரை ஈர்க்கின்றன. கிளைகள் தரைநோக்கித் தொங்கி, முறுக்கிக்கொண்டு, பிறகு நுனி மட்டும் மேலே திரும்பிய சகுவாரோக்கள் அவற்றுள் ஒன்று. இவற்றின் காரணம் தெரிந்ததே: கடும் உறைபனியில் கிளையின் அடித்திசு சேதமாகித் தன் எடையைத் தாங்க முடியாமல் கிளை சரிகிறது; பிழைத்துக்கொண்டால் நுனி மறுபடி நிமிர்கிறது. தென்னரிசோனாவின் ஆர்கன் பைப் தேசிய நினைவுச் சின்னத்தில், அடியிலிருந்தே பல தண்டுகள் புறப்படும் ஆர்கன் பைப் கள்ளியிலும் கொண்டைகள் காணப்படுகின்றன. உருண்டையான பீப்பாய்க் கள்ளி, சோயா கள்ளி, பாஹா கலிபோர்னியாவின் பெரும் கார்டோன் ஆகியவையும் அவ்வாறே. இவற்றிலிருந்து மாறுபட்டது டோட்டம் கம்பக் கள்ளி. அதன் ஆக்குத்திசு கோடாக நீளவில்லை. வரிமேடுகளின் ஒழுங்கு முழுவதும் கலைந்து, முள்ளில்லாமல், மெழுகில் பிடித்துவைத்த புடைப்புகளாகத் தண்டு வளர்கிறது. பாஹா கலிபோர்னியாவின் ஒரு சிறு பகுதியில் கிடைத்த இவ்வகை, ஒடித்து நட்ட துண்டுகள் மூலமாக இன்று உலகெங்கும் தோட்டங்களில் நிற்கிறது.

கொண்டை சகுவாரோவைத் தேடுவதற்கு முதலில் நிலத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். சகுவாரோ பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்குள்ளேயே வளர்கிறது. உயரம் கூடக் கூடத் தெற்குப் பார்த்த சரிவுகளில் மட்டும் தங்கிவிடும், ஏனென்றால் அங்கேதான் குளிர்கால வெயில் விழுகிறது. மலையடிவாரத்தில் மழைவெள்ளம் கொண்டுவந்து பரப்பிய சரளைச் சரிவுகளில் இவை மிக அடர்ந்து நிற்கின்றன. இப்படி ஆயிரக்கணக்கில் நிற்கும் தூண்களுக்கு நடுவே ஒன்றைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றின் அருகிலும் போய்ப் பார்ப்பது ஆகாது. அனுபவமுள்ளவர்கள் ஒரு மேட்டில் ஏறி நின்று, பைனாகுலரால் எதிர்ச்சரிவை வரிசை வரிசையாக நிதானமாக அளப்பார்கள். விடியலிலும் அந்தியிலும் வானத்துக்கு எதிரே செடிகள் நிழலுருவாகத் தெரியும் நேரம் இதற்கு மிக உகந்தது. உச்சியின் வடிவம் ஒன்றே அப்போது கண்ணில் படும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கொண்டை தட்டையானது. அதன் அகலப் பக்கம் பார்ப்பவரை நோக்கியிருந்தால் ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் அடையாளம் தெரியும். விளிம்புப் பக்கம் நோக்கியிருந்தால் அது மற்றுமொரு தூண்தான். ஆகவே ஒரே சரிவை இரண்டு திசைகளிலிருந்து, ஏறக்குறைய செங்கோணத்தில் பார்த்தாலன்றி அந்த இடத்தைத் தேடி முடித்ததாகச் சொல்ல முடியாது. நெடுஞ்சாலையோரம் பல்லாயிரம் பேர் கடந்துபோன கொண்டைகள் பல ஆண்டுகள் பதிவாகாமல் கிடந்ததற்கும் இதுவே காரணம்.

தேடலில் இதற்கு நேர் எதிரான சவாலைத் தருவது பெனியோசீரியஸ் கிரெகியை என்ற இரவுக்கள்ளி. விரல் பருமன்கூட இல்லாத அதன் சாம்பல்நிறத் தண்டு, செவிலி மரத்தின் உலர்ந்த குச்சிகளோடு கலந்துவிடும். பல கிலோ எடையுள்ள கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். பக்கத்தில் நின்றாலும் செத்த குச்சி என்றே எண்ணத் தோன்றும். கோடை தொடக்கத்தில் ஓர் இரவு மட்டும், சூரியன் மறைந்த பிறகு, உள்ளங்கை அகல வெள்ளைப் பூ மலர்ந்து நெடுந்தூரம் மணக்கும். காலை வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். ஒரு வட்டாரத்துச் செடிகள் பலவும் ஒரே இரவில் பூப்பதால், பருந்து அந்துப்பூச்சிகள் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக வாய்ப்புக் கிடைக்கிறது. மொட்டு நீளும் வேகத்தை நாள்தோறும் கவனித்தே அந்த இரவைக் கணிக்கிறார்கள். படமெடுப்போர் நேர்முகமாக பிளாஷ் அடித்தால் வெள்ளை இதழ்களின் நரம்புகள் அழிந்துபோகும். பக்கவாட்டிலிருந்து மெல்லிய எல்.இ.டி. வெளிச்சம் கொடுத்து, வெளிச்ச அளவை ஓரிரு படி குறைத்து எடுத்தால்தான் இதழ்கள் தனித்தனியாகத் தெரியும்.

சகுவாரோவுக்குத் திரும்பினால், கொண்டையைப் படமெடுப்பதில் முதல் தொல்லை உயரம். ஆறு, எட்டு மீட்டர் உயரத்திலுள்ள ஒன்றை அடியில் நின்று அகலக்கோண லென்ஸில் எடுத்தால் தண்டு பெருத்தும் கொண்டை சிறுத்தும் விழும். பார்வைக்கு அழகாக இருந்தாலும் அளவெடுக்க உதவாது. பின்னால் நகர்ந்து, முடிந்தால் எதிர்மேட்டில் ஏறி, கொண்டையின் மட்டத்துக்கு அருகே கேமராவைக் கொண்டுவந்து, 300 மில்லிமீட்டர் அளவிலான டெலிபோட்டோ லென்ஸில் எடுப்பதே முறை. அவ்வாறு எடுத்த படத்தில் மடிப்புகளை எண்ணலாம். வரிமேடு எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று பின்தொடரலாம்.

இரண்டாவது, வெளிச்சம். நடுப்பகல் வெயிலில் பாலைவனம் வெளிறிப்போகும். கொண்டையின் பள்ளமேடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் ஒளி ஒவ்வொரு வரிமேட்டுக்கும் ஒரு நிழல்கோடு கொடுக்கிறது. சூரியனை எதிரே வைத்து எடுத்தால் முட்கள் ஒளிவிளிம்பாக மின்னும், தண்டு இருண்டுபோகும். அது அலங்காரப் படம். ஆவணத்துக்கு உதவுவது பக்க ஒளிதான். வெளிறிய வானம் பின்னணியாக இருக்கும்போது கேமராவின் தானியங்கி அளவு ஏமாந்து கொண்டையைக் கறுப்பாக்கிவிடும் என்பதால், ஒரு படி கூடுதல் வெளிச்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆவணம் என்ற நோக்கில் ஒரே ஒரு நல்ல படம் போதாது. அகலப் பக்கம் இரண்டு, விளிம்புப் பக்கம் இரண்டு என நான்கு திசைகளிலும் எடுப்பதும், முழுச்செடியும் சுற்றுப்புறமும் தெரிய ஒன்று எடுப்பதும், உயரம் தெரிந்த ஒரு கோலை அருகில் நிறுத்தி ஒன்று எடுப்பதும் அவசியம். நின்ற இடம், திசை, லென்ஸின் குவியத் தொலைவு, தேதி ஆகியவற்றைக் குறித்துவைத்தால், இருபது ஆண்டு கழித்து வேறொருவர் அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் எடுக்க முடியும்.

இந்த மறுபடமெடுக்கும் முறைக்கு டூசானில் நீண்ட மரபு இருக்கிறது. 1903-ல் கார்னகி நிறுவனம் டுமமாக் குன்றின் மேல் பாலைவன ஆய்வுக்கூடத்தை அமைத்தது. 1906 முதல் அங்கே குறித்துவைத்த நிலத்துண்டுகளில் செடிகளை எண்ணிவருகிறார்கள். ராட்னி ஹேஸ்டிங்ஸ், ரேமண்ட் டர்னர் என்ற ஆய்வாளர்கள் பழைய நிலக்காட்சிப் படங்களைத் தேடியெடுத்து, அவை எடுக்கப்பட்ட அதே இடங்களில் மறுபடி நின்று படமெடுத்து, 1965-ல் நூலாக வெளியிட்டார்கள். ஓரிடத்தின் புல்வெளி புதராக மாறியதும், ஒரு சகுவாரோ மறைந்து பக்கத்தில் இன்னொன்று முளைத்ததும் அந்த இணைப்படங்களில் கண்முன்னே தெரிந்தன.

இம்முறை ஒரு பெரிய சந்தேகத்தைத் தீர்க்கவும் உதவியது. 1933-ல் பாதுகாக்கப்பட்ட, இன்று தேசியப் பூங்காவாக இருக்கும் பகுதியின் கிழக்குப் பிரிவில், அந்நாளில் காடாக நின்ற முதிய சகுவாரோக்கள் அடுத்த சில பத்தாண்டுகளில் மளமளவென்று சாய்ந்தன. அழுகலைக் கண்டவர்கள் பாக்டீரியா நோய் என்று முடிவுகட்டி, இனமே அழியும் என்று அஞ்சினார்கள். நீண்ட காலப் பதிவுகள் வேறு கதை சொல்லின. முதிய செடிகளை வீழ்த்தியதில் முதன்மையானது கடும் உறைபனி. அழுகல் அதன் பின்விளைவு. செவிலி மரங்களை வெட்டியதும் மாடுகள் மேய்ந்து மிதித்ததும் புதிய நாற்றுகளுக்கு இடமில்லாமல் செய்திருந்தன. 1970-களின் இறுதியில் மேய்ச்சல் முடிவுக்கு வந்த பிறகு அங்கே இளஞ்செடிகள் பெருகியிருக்கின்றன. கொண்டைகளின் படங்களையும் இதே ஒழுங்கில் தொடர்ந்து எடுத்துவந்தால், கடும் பனி விழுந்த ஆண்டுகளுக்குப் பின் புதிய கொண்டைகள் கூடுகின்றனவா என்ற கேள்விக்கு விடை தேட முடியும்.

இப்பணிக்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். மழைப்பருவத்தில் வறண்ட ஓடைகளில் தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் திடீரென்று பாயும். பாறையிடுக்குகளில் கிலுகிலுப்பைப் பாம்புகள் உண்டு. அன்றாடம் அதிகமாகத் தொல்லை தருவது சோயா கள்ளிதான். அதன் கணுக்கள் லேசாகப் பட்டாலே ஒடிந்து ஒட்டிக்கொள்ளும். முட்களின் நுனியில் பின்னோக்கிய செதில்கள் இருப்பதால் கையால் பிடுங்கினால் விரலிலும் ஏறிவிடும். தலைவாரும் சீப்பைக் கணுவுக்கும் தோலுக்கும் இடையில் நுழைத்து ஒரே வீச்சில் தள்ளிவிடுவதே பாலைவனத்தில் நடப்பவர்களின் கைமுறை.

நடப்பவரால் செடிக்கு நேரும் ஆபத்தும் சிறிதல்ல. நல்ல கோணம் கிடைக்க பாலோ வெர்டேயின் நிழலில் முழந்தாளிடுபவர், எட்டு வயதான சகுவாரோ நாற்றைத் தெரியாமலே நசுக்கிவிடக்கூடும். மண்ணின் மேல் பாசியும் நுண்ணுயிரிகளும் சேர்ந்து கட்டிய கறுத்த ஏடு ஒரு காலடியில் உடைந்தால், மறுபடி உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஓடைப்படுகையிலும் பாறையிலும் கால்வைத்து நடப்பது இவ்விரண்டையும் காக்கும். மேலிருந்து எடுக்க டிரோன் வசதிதான். ஆனால் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் அதற்குத் தடை.

கொண்டைகளுக்கு இன்றுள்ள பெரிய பகை நெருப்பு. தமிழ்நாட்டில் காங்கேயம் கொறங்காடுகளில் மாடுகளுக்கு அருமையான தீவனமாகும் கொழுக்கட்டைப் புல், மேய்ச்சலுக்கென்றே அரிசோனாவுக்குக் கொண்டுபோகப்பட்டது. அங்கே அது செடிகளுக்கு இடையிலுள்ள வெற்றுநிலத்தையெல்லாம் நிரப்பிவிட்டது. முன்பு ஒரு செடியில் பற்றிய தீ அடுத்ததற்குப் போக வழியில்லாமல் அணைந்தது. இப்போது காய்ந்த புல் அதைச் சரிவு முழுவதும் கொண்டுபோகிறது. நெருப்போடு பழகி வளராத சகுவாரோ அதைத் தாங்குவதில்லை. வெப்பமும் கூடிவருகிறது. 2023 கோடையில் பீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பநிலை 43 பாகை செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. இரவிலும் தணியாத அந்தச் சூட்டில் நகரத்துச் சகுவாரோக்கள் கிளையுதிர்த்துச் சாய்ந்தன.

அடுத்தது திருட்டு. தோட்ட அலங்காரத்துக்காகச் சகுவாரோவைப் பெயர்த்துக்கொண்டுபோய் விற்பவர்கள் உண்டு என்பதால், தேசியப் பூங்கா சாலையோரச் செடிகளுக்குள் அடையாளச் சில்லுகளைச் செலுத்திவைத்திருக்கிறது. அரிசோனாவின் தாவரச் சட்டம் சாதாரணச் சகுவாரோவை உரிமம் பெற்று இடம்மாற்ற அனுமதிக்கிறது. கொண்டை வடிவத்தை மட்டும் மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒரே இனத்தின் ஓர் உருவத்துக்கு மட்டும் தனிக்காப்பு அளிப்பது அரிது.

நிலம் யாருடையது என்பதையும் அறிந்தே நடக்க வேண்டும். மாநில அறக்கட்டளை நிலத்துக்கு அனுமதிச்சீட்டு தேவை. பேரி கோல்ட்வாட்டர் பகுதி விமானப்படைப் பயிற்சிக்களம். பரந்த தோஹோனோ ஓதாம் பழங்குடி நாட்டு நிலத்தில் அம்மக்களின் அனுமதி பெற வேண்டும். சகுவாரோவின் தண்டுக்குள்ளிருக்கும் மரவரிகளைக் கட்டிய நீண்ட தொரட்டியால் கோடையில் கனி பறித்து, அந்த அறுவடையோடு தங்கள் ஆண்டைத் தொடங்கும் அவர்களுக்கு இந்தச் செடிகள் உறவினர்கள். அங்கே கேமராவைத் தூக்குமுன் கேட்டுக்கொள்வது சட்டத்துக்காக மட்டும் செய்யவேண்டிய காரியமல்ல.

கண்டெடுத்த கொண்டையின் துல்லியமான இடத்தைப் பொதுவில் வெளியிடுவதில்லை என்பது ஆர்வலர்களிடையே நிலைத்த வழக்கம். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் ஜி.பி.எஸ். எண்கள் தாமாகவே பதிந்திருக்கும். பிறருக்கு அனுப்புமுன் அவற்றை நீக்கிவிடுகிறார்கள். பின்னணியில் பெயர் தெரிந்த மலைமுகடு விழுந்தாலும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்பதால், வெளியிடும் படத்தை வானத்துக்கு எதிரே எடுத்துக்கொண்டு, முகடு தெரியும் படத்தைத் திசை, தொலைவுக் குறிப்புகளோடு ஆய்வாளர்களுக்கும் பூங்கா அலுவலர்களுக்கும் மட்டும் தனியே கொடுக்கிறார்கள்.